இசை படத்தோடு ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தனியாகக் கேட்டால் அருமையாக இருக்கிறது, படத்தோடு போட்டால் என்னவோ போல் இருக்கிறது. குறும்படம், ஆவணப்படம், விளம்பரம், யூடியூப் காணொளி என்று எதற்குப் பின்னணி இசையும் ஒலியும் செய்தாலும் ஒருநாள் இந்தப் புகார் வந்தே தீரும். வந்ததும் கை ஈக்யூவுக்கு, அதாவது அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவிக்குப் போகும், இல்லையென்றால் புது பிளக்-இன் (இசை மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவி) தேடும். பெரும்பாலும் பிழை அங்கே இருக்காது. கோப்பின் எண்களில் இருக்கும், அல்லது நீங்கள் கேட்கும் ஸ்பீக்கரிலும் அறையிலும் இருக்கும், அல்லது எழுதிய மெட்டிலேயே இருக்கும். சந்தேகம் வந்தால் இதே வரிசையில் பாருங்கள். எண்ணில் இருக்கும் பிழை ஐந்து நிமிடத்தில் தீரும், மெட்டில் இருப்பதற்கு ஒரு ராத்திரி போகும்.

உங்களுக்குக் கேட்கும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். இரண்டு விஷயம் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. தொடுவதற்கு முன் ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது சரி செய்தது என்றே தெரியாது.

சிங்க் போகிறது

சிங்க் என்றால் படமும் ஒலியும் ஒரே கணத்தில் நிற்பது. அது எவ்வளவு போகிறது என்பதைவிட எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். கதவு சாத்துவது, கை தட்டுவது போல அசைவும் ஒலியும் ஒரே கணத்தில் நடக்கும் இடங்களாகத் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று எடுத்துக்கொண்டு மூன்றிலும் பிசகை அளந்து பாருங்கள்.

மூன்றிலும் ஒரே அளவு பிசகினால் கோப்பு தவறான இடத்தில் தொடங்குகிறது, அவ்வளவுதான். எடிட்டரிடமிருந்து வரும் படத்தில் முதல் காட்சி பெரும்பாலும் 01:00:00:00 (மணி, நிமிடம், நொடி, ஃபிரேம்) என்ற டைம்கோடில் தொடங்கும், அதற்கு முன் லீடர் என்ற முன்துண்டு ஓடும். சரியாக 2 நொடிக்கு முன்னால், 00:59:58:00-இல், ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் பீப் கேட்கும். இதை டூ-பாப் என்பார்கள். நீங்கள் அனுப்பும் கோப்பும் அதே லீடரோடு தொடங்கி, அதே இடத்தில் ஒரு பீப் இருந்தால், எடிட்டர் இரண்டு பீப்பையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிடுவார். தொலைபேசியில் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

பிசகு போகப் போகக் கூடினால் வேகத்தில் பிழை. எவ்வளவு கூடுகிறது என்று அளந்தாலே காரணம் பிடிபட்டுவிடும். நிமிடத்துக்கு 60 மில்லிநொடி, அதாவது மணிக்கு 3.6 நொடி என்றால் ஃபிரேம் ரேட்டில் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்), 24-க்கும் 23.976-க்கும் இடையிலோ, 30-க்கும் 29.97-க்கும் இடையிலோ குழப்பம் நடந்திருக்கிறது. நிமிடத்துக்கு 2.4 நொடி என்றால் 24 ஃபிரேமில் எடுத்த படம் 25-இல் ஓடுகிறது. நிமிடத்துக்கு கிட்டத்தட்ட 5 நொடி போய், சுருதியும் ஒன்றரை செமிடோன் ஏறியிருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை மென்பொருள் 48 என்று நினைத்து ஓட்டுகிறது. 60 நொடி இசை 55.1 நொடியில் முடிந்துவிடும். சுருதி இறங்கி, நீளம் கூடினால் அதற்கு நேர்மாறு. இப்படி வந்தால் கோப்பை இழுத்தும் சுருக்கியும் பொருத்தாதீர்கள். ப்ராஜெக்டின் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸ் என்றும், ஃபிரேம் ரேட்டைப் படத்துக்கு எது இருக்கிறதோ அது என்றும் வைத்து, மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். 24-ம் 23.976-ம் ஒன்றுதானே என்று எடிட்டரே சொன்னாலும் நம்ப வேண்டாம், கோப்பைத் திறந்து பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

அதே மீடியாஇன்ஃபோ ஃபிரேம் ரேட் முறைக்கு நேரே 'வேரியபிள்' என்று காட்டினால், காணொளி ஃபோனில் எடுத்ததாகவோ திரையைப் பதிவு செய்ததாகவோ இருக்கும். அதில் ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் இல்லை. இந்த வகையில் பிசகு ஒரு இடத்தில் கூடும், இன்னொரு இடத்தில் குறையும், கணக்குக்கே அடங்காது. ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு அப்புறம்தான் இசையமைக்க உட்கார வேண்டும். எடிட்டிங்கும் அந்த மாற்றிய கோப்பில் நடப்பதுதான் நல்லது.

ஒரு இடம் வரை சரியாக இருந்து, அங்கிருந்து திடீரென்று மொத்தமும் தள்ளிப்போனால் எடிட்டர் காட்சியை வெட்டியிருக்கிறார், உங்களிடம் சொல்லவில்லை. படத்தின் மூலையில் டைம்கோடும் பதிப்பு எண்ணும் பதிந்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

இதில் எதுவுமே இல்லையா? ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். அதில் 100 முதல் 300 மில்லிநொடி வரை தாமதம் சகஜம். சில பிளேயர்கள் அதை ஈடுகட்டும், இசை மென்பொருள் பெரும்பாலும் ஈடுகட்டாது. சிங்க் பார்க்க வயர் வைத்த ஹெட்போன்தான். இன்னொன்று, இசையை எம்பி3-யாக அனுப்பியிருந்தால் அதன் தொடக்கத்தில் சிறிது மௌனம் தானாகச் சேர்ந்துகொள்ளும். அந்த வடிவம் வேலை செய்யும் விதமே அப்படி. ஒரு ஃபிரேமுக்கும் குறைவான அளவுதான், ஆனாலும் கைதட்டல் மாதிரி கூர்மையான ஒலியில் உறுத்தும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக அனுப்பினால் இந்தத் தலைவலி இல்லை.

ஹிட் பாயின்டில் அடி விழவில்லை

காட்சியில் நாயகி திரும்பிப் பார்க்கும் இடத்தில் இசை ஓங்க வேண்டும், அதுதான் ஹிட் பாயின்ட். உங்கள் மெட்டோ கொஞ்சம் தள்ளி வந்து சேர்கிறது. மெட்டை வெட்டி ஒட்ட ஆரம்பிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள்.

இசை தொடங்கி 41 நொடி 12 ஃபிரேமில் அந்தத் திருப்பம் வருகிறது, படம் 24 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். 12 ஃபிரேம் என்பது அரை நொடி, ஆக 41.5 நொடி. நீங்கள் எழுதியிருப்பது 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 அடி. 41.5-ஐ 90-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 62.25 அடி வருகிறது. 4/4 தாளத்தில் (நாலடிக்கு ஒரு பார்) இது 16-வது பாரின் மூன்றாம் அடியைத் தாண்டி, எதிலும் சேராமல் விழுகிறது. 17-வது பாரின் முதல் அடியில் விழ வேண்டும் என்றால் அதற்குள் 64 அடி போயிருக்க வேண்டும். 64-ஐ 60-ஆல் பெருக்கி 41.5-ஆல் வகுங்கள்: 92.53. டெம்போவில் இந்த எண்ணைப் போட்டால் திருப்பமும் முதல் அடியும் ஒன்றாக நிற்கும். 90-க்கும் 92.53-க்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. காட்சி சோம்பலானது, வேகம் கூட வேண்டாம் என்றால் 60 அடிக்குக் கணக்குப் போட்டு 86.75 வையுங்கள், 16-வது பாரின் முதல் அடியில் விழும்.

அதே காட்சியில் 58-வது நொடியில் இன்னொரு ஹிட் இருக்கிறது என்றால்? நடுவில் 16.5 நொடி. 92.53-லேயே போனால் 25.45 அடி. இதை 26 அடியாக்கினால் டெம்போ 94.55 ஆகும், ஆறு பார் 4/4, ஒரு பார் 2/4. அந்த ஒற்றை 2/4 பாரை மெட்டு மூச்சு விடும் இடத்தில் வைத்துவிட்டால் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. க்யூபேஸ், லாஜிக், ரீப்பர் ஆகிய இசை மென்பொருள் எல்லாவற்றிலும் டெம்போ ட்ராக்கில் இதைச் செய்யலாம். வாத்தியக்காரர்களை வைத்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் டெம்போவைச் சட்டென்று மாற்றாமல் இரண்டு பாரில் மெல்ல ஏற்றுங்கள். க்ளிக்கோடு வாசிப்பவர்களுக்கு அது எளிது. அப்படி ஏற்றினால் கணக்கு லேசாக நகரும், ஹிட்டை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குச் சரியாக இருந்தும் அடி முந்திக்கொண்ட மாதிரி இருந்தால் ஒன்றிரண்டு ஃபிரேம் தள்ளிப் போடுங்கள். 24 ஃபிரேம் படத்தில் ஒரு ஃபிரேம் 41.7 மில்லிநொடி. ஒலி படத்தைவிட முந்தினால் ஏறக்குறைய 45 மில்லிநொடியிலேயே நம் கண்ணும் காதும் பிடித்துவிடும். பிந்தினால் 125 மில்லிநொடி வரை பொறுத்துக்கொள்ளும். தூரத்தில் நடப்பதை நாம் எப்போதுமே முதலில் பார்த்து, பிறகுதான் கேட்கிறோம், அந்தப் பழக்கம்தான். அதனால் சந்தேகமான ஹிட் என்றால் பின்னால் தள்ளுவதே பாதுகாப்பு.

எல்லா அசைவுக்கும் ஒரு அடி வைத்தால் காட்சி கார்ட்டூனாகிவிடும். ஒரு காட்சிக்கு ஒரு ஹிட், மிஞ்சினால் இரண்டு.

வசனம் அமுங்குகிறது

இங்கேதான் அதிகம் பேர் அதிக நேரம் வீணடிக்கிறார்கள். இசையின் சத்தத்தைக் குறைப்பார்கள், இசை செத்துவிடும், மறுபடி ஏற்றுவார்கள், வசனம் போய்விடும். இப்படியே பொழுது போகும்.

முதல் வேலை, இசையை முழுக்க நிறுத்திவிட்டு வசனத்தை மட்டும் கேட்பது. அப்போதும் புரியவில்லை என்றால் பிழை இசையில் இல்லை, பதிவிலோ டப்பிங்கிலோ இருக்கிறது. அதை அந்தப் பக்கம் அனுப்புங்கள். இதைக் கேட்க உங்களை நம்பாதீர்கள். அந்தக் காட்சியை எத்தனையோ முறை ஓட்டிய உங்களுக்கு வசனம் மனப்பாடம், காதில் விழாத சொல்லையும் மூளை நிரப்பிவிடும். வசனம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு ஒரே ஒருமுறை ஓட்டிக் காட்டி, என்ன பேசினார்கள் என்று கேளுங்கள்.

வசனம் தனியாகத் தெளிவு, இசையோடு இல்லை என்றால் மெட்டைப் பாருங்கள். ஒரு பெண் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தணிந்த குரலில் பேசுகிறாள் என்று வையுங்கள். பெண் குரலின் அடிச்சுருதி பொதுவாக 165-இலிருந்து 255 ஹெர்ட்ஸ், ஆண் குரலுக்கு 85-இலிருந்து 180. செல்லோவின் உருக்கமான பகுதி சரியாக இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு அவள் வாயைத் திறக்கும் இடத்திலெல்லாம் உங்கள் செல்லோவும் புது வாக்கியத்தைத் தொடங்குகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எப்படியோ அப்படித்தான் இது. ஈக்யூ இதைத் தீர்க்காது.

செய்ய வேண்டியது இதுதான். அவள் பேசும்போது செல்லோ ஒரே சுரத்தில் நிற்கட்டும். அவள் நிறுத்தும் இடைவெளியில் நகரட்டும். மெட்டு நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் அதை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி, மெலிந்த ஒரு வாத்தியத்துக்குக் கொடுங்கள். தாள வாத்தியம் இருந்தால், 'ச', 'ட', 'ப' மாதிரியான மெய்யொலிகளோடு அதன் அடிகள் மோதுகின்றனவா என்று ஒவ்வொரு வரியாகக் கவனியுங்கள். சொல் புரிவதில் இந்த மெய்யொலிகளின் சின்ன வெடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றின் பலம் பெரும்பாலும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. கீபோர்டு பேடின் (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி) மினுமினுப்பும், ஷேக்கரும், கிட்டாரின் விரல் சத்தமும் அதே இடத்தில்.

இவ்வளவும் செய்த பிறகு ஈக்யூ. இசை ட்ராக்குகள் எல்லாம் சேரும் பஸ்ஸில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி அகலமாக 2, 3 டெசிபல் இறக்கினால் போதும். வசனம் வரும்போது மட்டும் இறங்குகிற டைனமிக் ஈக்யூ இருந்தால் இன்னும் நல்லது. வசனத்தை வைத்து இசையைத் தானாகத் தணிக்கும் சைட்செயின் கம்ப்ரெஸர் போடுவதானால் தணிவு 3 டெசிபலைத் தாண்ட வேண்டாம், ரிலீஸை, அதாவது இசை பழைய அளவுக்குத் திரும்பும் நேரத்தை, அரை நொடிக்குக் குறையாமல் வையுங்கள். குறைத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் இசை மேலும் கீழுமாய் மூச்சு வாங்கும். எனக்குக் கேட்டால் முக்கியமான காட்சிகளில் சைட்செயினே வேண்டாம், ஃபேடரைக் கையால் நகர்த்தி ஆட்டோமேஷன் எழுதுவதுதான் அழகு. எந்தச் சொல்லுக்கு இசை விலக வேண்டும் என்பது கம்ப்ரெஸருக்குத் தெரியாது.

இயக்குநர் "ஏதோ குறையுது" என்கிறார்

பிழைகளிலேயே கடினமானது இது, ஏனென்றால் அளக்க எதுவும் இல்லை. முதலில் டெம்ப் ட்ராக் இருந்ததா என்று பாருங்கள். எடிட்டிங்கில் தற்காலிகமாகப் போட்ட இசையை வாரக்கணக்கில் கேட்டுப் பழகியவருக்கு வேறு எதைப் போட்டாலும் குறையாகத்தான் தெரியும். டெம்பில் அவருக்குப் பிடித்தது மெட்டா, வேகமா, வாத்தியமா, இசை நுழையும் இடமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வேகமாகவோ நுழையும் இடமாகவோ இருக்கும். இரண்டையும் மெட்டைத் தொடாமல் மாற்றலாம்.

நுழையும் இடத்தை நானே முதலில் சந்தேகப்படுவேன். சோகச் செய்தி வருவதற்கு நாலு நொடி முன்பே வயலின் அழ ஆரம்பித்தால் பார்ப்பவருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இசையைச் செய்தி வந்த பிறகு, கேட்டவரின் முகம் மாறத் தொடங்கும் இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். ஒரு சுரமும் மாற்றாமலே காட்சி வேறாகத் தெரியும். அப்புறம், இசையே இல்லாமல் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். "இது நல்லா இருக்கே" என்று அவர் சொன்னால் வருத்தப்பட வேண்டாம், அந்த இடத்தில் வேலை முடிந்தது.

வயலின் கூட்டம் கீபோர்டு போலக் கேட்கிறது

வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிந்து வைத்த சாம்பிள் லைப்ரரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எல்லாச் சுரமும் ஒரே பலத்தில், ஒரே நீளத்தில், மென்பொருளின் தாளக் கட்டத்தின் மேல் அச்சாக உட்கார்ந்திருந்தால் காது ஏமாறாது. மிடியில் (கீபோர்டு கணினிக்கு அனுப்பும் கட்டளை முறை) 1-வது கன்ட்ரோலரான மாடுலேஷன் வீலையும், 11-வதான எக்ஸ்பிரஷனையும் மெட்டு முழுக்க நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட சுரம் ஒவ்வொன்றும் எங்காவது ஏறி எங்காவது இறங்க வேண்டும். ஒரே பேட்சில் (லைப்ரரியின் ஒரு ஒலித் தொகுப்பில்) இரண்டு கையாலும் கார்டு வாசிக்காமல் முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்று குரல் குரலாகத் தனித்தனி ட்ராக்கில் வாசித்தால் பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும்.

கட்டத்தின் மேல் சரியாக வைத்தும் வயலின் பிந்துகிறது என்றால் அது லைப்ரரியின் இயல்பு. சுரங்களை இடைவெளியின்றி இணைக்கும் லெகாட்டோ பேட்சுகளில் வில் பிடித்து ஒலி எழவே 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அந்த ட்ராக்கின் டிலேயில் எதிர்மறை எண் கொடுத்து முன்னால் இழுங்கள். துண்டு துண்டாக வாசிக்கும் ஸ்டக்காட்டோவுக்கு அந்த அளவு வேண்டாம், அதைத் தனி ட்ராக்கில் வையுங்கள்.

காலடி ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது

ஃபோலேயில் (படத்தைப் பார்த்தபடி அசைவுகளின் ஒலியை மறுபடி பதிவது) பதிவு செய்த காலடி மைக்குக்கு மிக அருகில் எடுத்தது. திரையில் ஆள் பத்தடி தள்ளி நடக்கிறார். சத்தத்தைக் குறைத்தால் அவர் தள்ளிப் போகமாட்டார், அருகில் மெதுவாக நடப்பார். தூரம் என்பது மேல் அலைவரிசை குறைவதிலும், நேரடி ஒலியைவிட அறையின் எதிரொலி கூடுவதிலும் இருக்கிறது. 6, 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மெல்ல இறக்கி, அந்த அறைக்குப் பொருந்தும் சின்ன ரிவெர்பை, அதாவது செயற்கை எதிரொலியைச் சேருங்கள். படப்பிடிப்பில் பதிவான வசனத்தில் அந்த அறையின் எதிரொலி இருக்கும். அதுதான் உங்கள் அளவுகோல், இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். நீண்ட ஹால் ரிவெர்ப் போட்டால் கதை கோயில் மண்டபத்துக்குப் போய்விடும்.

வசனத்துக்கு இடையில் ஒலி பள்ளத்தில் விழுவது போல இருந்தால் ரூம் டோன் இல்லை என்று அர்த்தம். யாரும் பேசாமல் அந்த அறை மட்டும் ஒலிக்கும் சத்தம் ஒரு நிமிடம் இருந்தால் எல்லாப் பள்ளத்தையும் நிரப்பிவிடலாம். எடுக்கவில்லை என்றால் வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் துண்டுகளை, ஒன்று மங்க மற்றது எழும் நீண்ட கிராஸ்ஃபேடோடு சேர்த்து ஒன்று செய்துகொள்ளுங்கள். இரண்டு நொடித் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டினால் சுழல்வது தெரிந்துவிடும்.

குத்து விழுகிறது, பலம் இல்லை

ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு ஒலி அடுக்கியும் சப்பென்று இருந்தால் ஏழாவது உதவாது, குறையுங்கள். முதலில் அடியின் முனை, அடுத்து அதன் உடம்பு, கடைசியாக வால், மூன்றே அடுக்கு. மூன்றின் முனையும் ஒரே சாம்பிளில், அதாவது அதே நுண்கணத்தில், தொடங்குகிறதா என்று அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்புறம் ஒரு அடுக்கின் போலாரிட்டியைத் திருப்புங்கள், அதாவது அலைவடிவத்தைத் தலைகீழாக்குங்கள். திருப்பியதும் பேஸ் கூடினால் இதுவரை இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன, அப்படியே விட்டுவிடலாம். அதற்கும் மேல், குத்துக்கு மூன்று நாலு ஃபிரேம் முன்னால் சுற்றுச் சத்தத்தையும் இசையையும் வெட்டி மௌனமாக்கிப் பாருங்கள். பலம் சத்தத்தில் இல்லை, முன்னால் இருந்ததற்கும் இதற்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது.

டிக், டிக் என்று கேட்கிறது

வாசிக்கும்போது மட்டும் வந்து ஏற்றுமதி செய்த கோப்பில் இல்லையென்றால் கணினி திணறுகிறது. ஒலியைக் கணினி முன்கூட்டித் தயாரித்து வைக்கும் பஃபரை 128-இலிருந்து 512-க்கோ 1024-க்கோ ஏற்றுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது 2.7 மில்லிநொடி, 1024 என்பது 21. பதிவு செய்யும்போது குறைவாகவும் மிக்ஸ் செய்யும்போது அதிகமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஏற்றுமதியிலும் வந்தால், வெட்டிய இடங்களில் 5 முதல் 10 மில்லிநொடி ஃபேட் போடுங்கள். டிக் இல்லை, தொடர்ந்த 'ம்ம்ம்' என்றால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோ 60 ஹெர்ட்ஸோ, அதன் மடங்குகளோ உள்ளே வந்திருக்கிறது. அந்த அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் ஓரளவு காப்பாற்றும், வயரிங்கைச் சரிசெய்வதுதான் மருந்து.

ஹெட்போனில் அதிர்கிறது, ஃபோனில் ஒன்றுமே இல்லை

ஃபோன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவது மிகச் சொற்பம். உங்கள் 60 ஹெர்ட்ஸ் பேஸ் அங்கே இல்லவே இல்லை. ஆனால் காதுக்கு ஒரு விசித்திரம் உண்டு: 120, 180, 240, 300 என்ற மடங்குகள் கேட்டாலே இல்லாத 60-ஐ அதுவாகவே ஊகித்துக்கொள்ளும். பேஸில் ஒலியை லேசாகச் சிதைக்கும் சாச்சுரேஷனைக் கொஞ்சம் சேர்த்தால் இந்த மடங்குகள் பிறக்கும். எல்லா ஒலியும் கடைசியில் சேரும் மாஸ்டரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டுக் கேட்டுக்கொண்டே சேருங்கள், பேஸின் மெட்டு லேசாகத் தெரிந்தால் போதும்.

பேஸ் இருக்கிறது, ஆனால் அகலமாகப் பரந்திருந்த பேட் காணாமல் போனது என்றால் அது மோனோ சிக்கல். ஸ்டீரியோவை விரிக்கும் பிளக்-இன்கள் இடது வலதுக்கு இடையே ஃபேஸை மாற்றித்தான் விரிக்கின்றன. இரண்டும் ஒன்றாகச் சேரும்போது அடித்துக்கொண்டு போய்விடும். மாஸ்டரை மோனோவாக்கிக் கேளுங்கள், இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே தங்கினால் அந்த பிளக்-இன்னைக் கழற்றுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சத்தம்

யூடியூப் சுமார் −14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) என்ற அளவுக்கு மேலே இருப்பதைக் கீழே இறக்கும், கீழே இருப்பதை மேலே ஏற்றாது. உச்சங்களை அடக்கும் லிமிட்டரால் நசுக்கி −9-க்குக் கொண்டுபோனால் அது 5 டெசிபல் இறக்கிவிடும், நசுங்கியது மட்டும் மிச்சம். தொலைக்காட்சிக்கு ஐரோப்பிய அளவு −23, அமெரிக்க அளவு −24. நெட்ஃபிளிக்ஸ் −27 கேட்கிறது, அதையும் மொத்த ஒலியில் அல்ல, வசனத்தில் அளக்கிறது. ஒலியின் கணநேர உச்சம் (ட்ரூ பீக்) −2 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆகவே மிக்ஸ் தொடங்கும் முன்பே எங்கே வெளியாகிறது என்று கேட்டு, அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்த மிக்ஸ் தியேட்டரில் கூச்சலாக இருந்தால் நீங்கள் கேட்ட சத்த அளவு தவறு. தியேட்டர் மிக்ஸிங் அறையில் கோப்பில் −20 டெசிபல் அளவிலுள்ள பிங்க் நாய்ஸ் (சோதனை இரைச்சல்) ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் கேட்கும் சத்தம் 85 டெசிபலாக வரும்படி வைத்திருப்பார்கள். சின்ன அறைக்கு அது அதிகம், 76-இலிருந்து 79 போதும். ஆனால் ஒருமுறை வைத்த குமிழைப் பிறகு தொடவே கூடாது. சத்தம் குறைவாகக் கேட்டால் பேஸும் மேல் ஒலியும் காதுக்குக் குறைந்து தெரியும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். குமிழை ஏற்றி இறக்கிச் செய்த மிக்ஸில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு பேஸ் இருக்கும்.

5.1-இல் வசனம் வலது பக்கத்திலிருந்து வருகிறது

5.1 என்பது ஆறு சானல் ஒலி. அதில் சானல் வரிசை மாறிவிட்டது. சினிமா வரிசையில் இடது, நடு, வலது என்று போகும். இன்னொரு பரவலான வரிசையில் இடது, வலது, நடு, எல்.எஃப்.இ. (ஆழ்ந்த பேஸுக்கான தனிச் சானல்) என்று போகும். முதல் வரிசைக் கோப்பை இரண்டாவதாகப் படித்தால் நடுவில் இருக்க வேண்டிய வசனம் வலதுக்குப் போகும், வெடிச் சத்தத்தின் உறுமல் வலது பின்பக்கத்தில் கேட்கும். மிக்ஸைத் தொட வேண்டாம், சரியான வரிசையில் மறுபடி ஏற்றுமதி செய்தால் சரி.

5.1-இல் அதிர்ந்த வெடி ஸ்டீரியோவில் காணவில்லை என்றால், அதை முழுக்க எல்.எஃப்.இ.-யில் மட்டும் வைத்திருக்கிறீர்கள். ஸ்டீரியோவாக மாற்றும்போது அந்தச் சானலை வழக்கமாக விட்டுவிடுவார்கள். உடம்பை முக்கிய ஸ்பீக்கர்களில் வையுங்கள், எல்.எஃப்.இ. மேற்கொண்டு சேர்ப்பதற்குத்தான்.

ஸ்டெம்களைச் சேர்த்தால் என் மிக்ஸ் மாதிரி இல்லை

தாளம், வயலின் என்று பிரித்து அனுப்பும் கோப்புகள்தான் ஸ்டெம்கள். மாஸ்டரில் லிமிட்டரோ கம்ப்ரெஸரோ இருந்தால் ஸ்டெம்கள் கூடி மொத்த மிக்ஸ் ஆகாது. தனித்தனியாகப் போகும்போது அது வேறு மாதிரி வேலை செய்யும். அதை அணைத்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். ஒரே ரிவெர்பை எல்லாரும் பங்கிட்டால் ஒவ்வொரு ஸ்டெமுக்கும் தனி ரிவெர்ப் வையுங்கள், இல்லாவிட்டால் மிக்ஸிங் பொறியாளர் தாளத்தை நிறுத்தினாலும் அதன் எதிரொலி வயலினோடு வந்துகொண்டிருக்கும். எல்லாக் கோப்பும் ஒரே இடத்தில் தொடங்கட்டும், வால் முழுதாக அடங்கும்வரை நீளட்டும். சரிபார்க்க, ஸ்டெம்களின் கூட்டுக்கு எதிராக மொத்த மிக்ஸின் போலாரிட்டியைத் திருப்பி ஓட்டுங்கள், மௌனம் வந்தால் அனுப்பலாம். தானாக மாறிக்கொண்டிருக்கும் கோரஸ் மாதிரியான எஃபெக்ட் இருந்தால் மட்டும் முழு மௌனம் வராது.

நானே போட்ட இசைக்குக் காப்புரிமைக் கோரிக்கை வருகிறது

காணொளியை ஏற்றியதும் வேறொருவர் பெயரில் கோரிக்கை வந்தால், கோரிக்கை எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்று பாருங்கள். அங்கே பெரும்பாலும் லைப்ரரியிலிருந்து எடுத்த லூப் (திரும்பத் திரும்ப ஓட்டும் ஒலித்துண்டு) ஒன்று வேறு வாத்தியம் எதுவும் சேராமல் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதே லூப்பை வைத்துப் பாட்டு செய்த வேறொருவர் தன் பாட்டை யூடியூபின் உரிமை கண்டுபிடிக்கும் அமைப்பான கன்டென்ட் ஐடியில் பதிந்திருப்பார், இயந்திரம் இரண்டையும் ஒன்றென்று பிடித்துவிட்டது. லூப்பின் உரிம ஆவணத்தோடு எதிர்ப்பைப் பதியுங்கள். படம் இன்னும் வெளியாகவில்லை என்றால் அந்த லூப்பை நீங்களே வாசித்த ஒன்றால் மாற்றுவது இன்னும் சீக்கிரம். வாடிக்கையாளரின் சானலில் வெளியாகும் வேலை என்றால் இசைக்கு யார் உரிமையாளர், கோரிக்கை வந்தால் யார் பதில் சொல்வது என்பதை கோப்பை அனுப்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.